அண்ணன் முறை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு. இரண்டு மணிக்குத்தான் வரும்.

பவானி ஐஸ் கம்பெனியின் தொட்டி அறைக்குள் போய் மரப் பலகைகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தாள். மூடியிருந்தால் ஐஸ் ஐந்து மணி நேரம் தாங்கும். மெஷின் ஓடாத அறையில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கே கேட்டது. ஜெனரேட்டர் இருந்தது. போட வேண்டாம் என்றாள். ஏன் என்று வேலையாட்கள் கேட்கவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

கன்னியம்மா வந்தாள். பவானியின் கணவன் ரமேஷுக்கு மூத்த அக்கா. தினமும் செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்பவள். இன்று கூடை இல்லை.

"இன்னாடி, கரண்ட் இல்லியா?"

"ரெண்டு மணிக்குத்தான் வருமாம் அண்ணி."

"நல்லதாப் போச்சு. அது ஓடிகினு இருந்தா கத்திகினே பேசணும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வெள்ளிக்கெழமை வராங்க. தட்டு மாத்திடலாம்னு சொல்லிட்டேன். பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிச்சுடணும்."

"யாரு வராங்க?"

"யாரா? உங்க அண்ணன்தான்."

பவானிக்கு அண்ணன் கிடையாது. இரண்டு தங்கைகள் மட்டும். கன்னியம்மா சொன்னது ஜம்புலிங்கத்தை. பவானியின் மகள் சங்கவியை ஜம்புலிங்கத்தின் மகன் சரவணகுமாருக்குப் பேசியிருந்தது. பெண்ணின் அம்மாவும் பையனின் அப்பாவும் அண்ணன் தங்கை முறையாக இருந்தால்தான் பிள்ளைகள் கட்டிக்கொள்ளலாம். முறை இல்லாவிட்டால் அப்படியொரு முறை வைத்துக்கொள்வார்கள். கன்னியம்மா ஒரு மாதமாக அந்த முறையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழமையேவா?"

"பின்ன? மீன்புடி தடைக்காலத்துலயே கல்யாணத்தை வெச்சுடலாம். ஆம்பளைங்க எல்லாம் கரையில இருப்பாங்க. ஐஸ் கம்பெனியும் சும்மாதான் கெடக்கும். இன்னா மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல. புழுக்கம்."

"ஐஸ் கம்பெனியில குந்திகினு புழுக்கமாம்," என்று சிரித்தாள் கன்னியம்மா.

---

இருபத்தாறு வருடங்களுக்கு முன் பவானிக்கு இருபது வயது. ஜம்புலிங்கம் பக்கத்துக் குப்பம். பெண் கேட்டு வருவதாக இருந்தது. அந்த வருடம் இரண்டு குப்பத்துக்கும் வலைத் தகராறு. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை என்று பஞ்சாயத்தில் முடிவானது. எட்டு மாதத்தில் தகராறு தீர்ந்தது. ஆறாவது மாதமே பவானியை மாமல்லபுரத்துப் பக்கம் ரமேஷுக்குக் கொடுத்திருந்தார்கள்.

ரமேஷ் நல்லவன். குடிக்க மாட்டான். ஐஸ் கம்பெனி வைத்தான். பதினோரு வருடங்களுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போனவன் உயிரோடு திரும்பவில்லை. பங்காளிகள் கம்பெனியை விற்றுவிடலாம் என்றார்கள். கன்னியம்மாதான் பஞ்சாயத்தில் எழுந்து நின்றாள். "என் தம்பி பொண்டாட்டி ஓட்டுவா," என்றாள். "எவனாவது வேற எடத்துல ஐஸ் வாங்கினீங்க, அவன் மீனை நான் தூக்க மாட்டேன்." கன்னியம்மா தூக்காவிட்டால் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு அந்த மீன் போகாது. பவானி ஓட்டினாள். இப்போது நான்கு குப்பங்களுக்கு அவள் ஐஸ். ஓட்டல்களுக்கு இறாலும் கடம்பாக் கணவாயும் அனுப்புகிறாள். போர்டில் இன்னும் ரமேஷ் பெயர்தான்.

போன வருடம் ஜெனரேட்டர் நின்றுபோனது. படகு எஞ்சின் பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், டீசல் எதுவானாலும் பார்ப்பார் என்று கொழுந்தன் லோகு அழைத்து வந்தான். வந்தது ஜம்புலிங்கம். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தலை பாதி நரைத்திருந்தது.

"எத்தினி நாளா பொகை வருது?" என்று கேட்டான். இருபத்தைந்து வருடங்களில் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

ஜெனரேட்டர் அன்றே ஓடியது. ஜம்புலிங்கம் மட்டும் வந்துகொண்டிருந்தான். பிறகு செங்கல்பட்டில் பார்த்துக்கொண்டார்கள். கொளவாய் ஏரியைப் பார்த்த டீக்கடை. ரெஜிஸ்டர் பண்ணிக்கொள்ளலாம் என்று அவன் சொன்னான். முதலில் சங்கவி கல்யாணமாகி ஒரு இடத்தில் நிற்கட்டும் என்று இவள் சொன்னாள்.

ஒரு நாள் டீக்கடைக்கு முன்னால் ஷேர் ஆட்டோ நின்றது. கன்னியம்மா கூடையோடு இறங்கினாள். ஜம்புலிங்கம் அப்போதுதான் எழுந்து போயிருந்தான். மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்.

"அந்த எஞ்சின்காரன்தானே அது? உன்கிட்ட அவனுக்கு இன்னா பேச்சு?"

"பையனுக்குப் பொண்ணு பாக்குறாராம்," என்றாள் பவானி.

வாயில் வந்தது அதுதான். பெண்ணைப் பெற்றவளிடம் பையனைப் பெற்றவன் டீக்கடையில் உட்கார்ந்து பேச வேறு காரணம் எதுவும் இருக்க முடியாது. கன்னியம்மா உடனே நம்பினாள். அந்த வாரமே பையனைப் பற்றி விசாரித்தாள். டிப்ளமோ. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் வேலை. சங்கவிக்கும் அந்தப் பக்கம்தான், வேறொரு கம்பெனியில் வேலை. இரண்டு பேருக்கும் போன் நம்பர் கொடுத்தது கன்னியம்மாதான்.

பவானி மறுத்துச் சொல்ல ஒரு நாள் இருந்தது. பிறகு ஒரு வாரம் இருந்தது. இரண்டும் போயின.

---

புதன்கிழமை பதினோரு மணிக்கு செங்கல்பட்டு ஸ்டேஷன். டீக்கடைக்கு இனிப் போக முடியாது. இரண்டு பேரும் பிளாட்பார பெஞ்சில் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பீச்சுக்குப் போகிற மின்சார ரயில் காலியாக நின்றது.

"வேற எதுவும் வரலியா வாயில?" என்றான் ஜம்புலிங்கம். "ஜெனரேட்டர்னு சொல்லியிருக்கலாமே."

"டீக்கடையில ஜெனரேட்டர் எங்க கீது?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"உன் பையன் இன்னா சொல்றான்?"

"நீ பாத்தா சரி நைனான்றான்."

"சங்கவியும் அதான் சொல்றா. நீ பாத்தா சரிம்மான்னு."

"அப்ப யாருதான் பாத்தது?"

பவானி ரயிலைப் பார்த்தாள். ரயிலில் ஒருத்தி ஏறி, எல்லா இருக்கையும் காலியாக இருக்க, எதில் உட்காருவது என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவனுக்குப் புடிச்சிருக்கா? பாத்தா தெரியாதா உனக்கு?"

"சட்டைய அயர்ன் பண்ணிகினு போறான். ஆனா அவன் எப்பவும் அயர்ன் பண்ணித்தான் போவான்." நகத்தடியில் இருந்த கிரீஸை இன்னொரு நகத்தால் எடுத்தான். "நேத்து சொல்லிடலாம்னு குந்தினேன். அவங்க அம்மா படத்தைத் தொடச்சுகினு இருந்தான். எழுந்து வந்துட்டேன்."

"நான் அண்ணிகிட்ட சொல்லிடட்டுமா?"

"இன்னான்னு?"

அவள் யோசித்தாள். இன்னான்னு என்று அவளுக்கும் தெரியவில்லை. உன் தம்பி பெயர் போட்ட போர்டுக்குக் கீழே உட்கார்ந்து இன்னொருவனை நினைத்தேன் என்றா? அதைச் சொன்னால் கன்னியம்மா கத்த மாட்டாள். அதுதான் பயம். கத்தாமல் எழுந்து போவாள்.

"நான் ஒண்ணு பண்றேன்," என்றான். "ஜாதகம் சேரலன்னு சொல்லிடறேன். பழி என்னுது."

"பழி சங்கவியுது. வூடு பாத்து, ஊரைக் கூட்டி, வேணாம்னா அவளைத்தான் கேப்பாங்க."

"கொஞ்ச நாள் கேப்பாங்க."

"அப்பறம் நீ என்னைக் கட்டினா? பொண்ணை வேணாம்னவன் ஆத்தாளைக் கட்டிகினான்னு சொல்வாங்க. அத்தக் கேட்டுகினு அவ எங்க இருப்பா?"

ஜம்புலிங்கம் தண்டவாளத்தைப் பார்த்தான்.

"சரி, தட்டோட வர்றேன். மாத்திட்டா அப்புறம் நீ எனக்குத் தங்கச்சி. பொங்கலுக்குச் சீர் கொண்டாருவேன். நீ செத்தா கோடித்துணி எடுத்துகினு வருவேன்."

"நல்லதா வாங்கியா. போன வாட்டி எங்க சித்திக்குப் போட்டது சாயம் போச்சு."

"வெளையாடாத பவானி."

"நான் வெளையாடல ஜம்பு. இன்னா பண்றதுன்னு தெரியல."

"நாளைக்கு ராத்திரிக்குள்ள ஒரு போன் பண்ணு. வராதன்னு ஒரு வார்த்தை. நான் வரல. மத்ததை அப்பறம் பாப்போம். போன் வரலன்னா வர்றேன்."

"என்மேல போடுற."

"பொண்ணைப் பெத்தவ நீ. நான் வேணாம்னு சொல்ல முடியாது. நீ சொல்லலாம்."

அது சரிதான். சரியாக இருந்ததால் அவளுக்குக் கோபம் வந்தது. ரயில் நகர்ந்தது. அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

---

வியாழக்கிழமை ஆறரைக்கு சங்கவி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். முகம் கழுவி, தட்டில் சோறு போட்டுக்கொண்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்தாள். டிவி ஓடவில்லை.

"பிளவுஸ் வந்துச்சா?" என்றாள் பவானி.

"வந்துச்சு. கை டைட்டு. அத்தை பிரிச்சுத் தர்றேன்னாங்க."

"சரவணகுமார் எப்படி?"

"எப்படின்னா?"

"பேசறீங்களே."

"பேசுவோம். பஸ் எங்க வருதுன்னு கேப்பாரு. சொல்லுவேன். கேன்டீன்ல இன்னைக்கு இன்னான்னு கேப்பாரு."

"அவ்வளவுதானா?"

"வேற இன்னா பேசணும்?"

பவானிக்குத் தெரியவில்லை. அவளும் ஜம்புலிங்கமும் இருபது வயதில் என்ன பேசினார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். நெத்திலி விலை பேசியது நினைவுக்கு வந்தது.

"உனக்குப் புடிச்சிருக்கா?"

"உனக்குப் புடிச்சிருக்கா?" என்றாள் சங்கவி.

"நான் கேக்கறேன்டி."

"நானும் கேக்கறேன். நீதானேம்மா அவங்க வூடெல்லாம் போய்ப் பாத்துட்டு வந்த."

பவானி போயிருந்தாள். கன்னியம்மா, லோகுவின் மனைவி, அவள். பெண் கொடுக்கிற வீட்டைப் பார்க்கிற வழக்கம். கன்னியம்மா கிணற்றை எட்டிப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தாள். பவானி சமையலறையில் நின்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்பூன்களை ஸ்பேனர் மாதிரி அளவு வரிசையில் ஆணியில் மாட்டியிருந்தது. அவள் சிரித்துவிட்டாள். என்ன சிரிப்பு என்று கன்னியம்மா கேட்டாள். பெண்ணுக்கு நல்ல இடம் கிடைத்த சந்தோஷம் என்று லோகுவின் மனைவி சொன்னாள்.

"அன்னைக்கு வந்து நீ குழம்புல உப்பே போடல," என்றாள் சங்கவி. "சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னே."

"மறந்திருப்பேன்."

"எல்லாம் மறந்துதான் போற நீ."

மகள் முகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பவானி பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூங்காமல் போன் பேசினாலும் கறுக்கும். கவலைப்பட்டாலும் கறுக்கும். வேண்டாம் என்று நினைக்கிறாளா? வேண்டும் என்று நினைக்கிறாளா? நேராகக் கேட்க வேண்டுமென்றால் எதற்காகக் கேட்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால், அது அவளுக்காகச் சந்தோஷமா, எனக்காகச் சந்தோஷமா? தனக்கு எந்தப் பதில் வேண்டும் என்று பவானிக்கே தெரியவில்லை. சற்றுமுன் ஒன்று வேண்டும் போலிருந்தது. இப்போது இன்னொன்று.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவன் எண்ணை ஜெனரேட்டர் என்று பதிந்து வைத்திருந்தாள். அழுத்தினாள். ஒரு தடவை மணி அடித்ததும் நிறுத்திவிட்டாள். உள்ளே வந்து போனை மேசையில் வைத்தாள். உடனே அது அடித்தது.

சங்கவி எட்டிப் பார்த்தாள். "அம்மா, ஜெனரேட்டர் கூப்பிடுது."

"அப்பறம் பேசிக்கறேன்."

"எடும்மா. மாமாதானே."

மாமா என்று அவள் சொல்லி பவானி இதுவரை கேட்டதில்லை. சங்கவியே பச்சைப் பொத்தானை நகர்த்தி போனை நீட்டினாள்.

"சொல்லுங்க," என்றாள் பவானி.

"வர்ட்டுமா, வேணாமா?"

சங்கவி சோற்றுக் கையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பவானி. வர்ட்டுமா?"

"எத்தினி பேரு வருவீங்க?" என்றாள் பவானி. மகள் நிற்கும்போது சம்பந்தி வீட்டாரிடம் கேட்கக்கூடியதாக அதுதான் தோன்றியது.

அந்தப் பக்கம் எஞ்சின் ஒன்று தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"பதினோரு பேரு," என்றான் ஜம்புலிங்கம். வைத்துவிட்டான்.

---

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு மூன்று கார்கள் வந்தன. லோகு வாசலிலிருந்து கூப்பிட்டான். "அண்ணி! உங்க அண்ணாத்த வந்துட்டாரு."

ஜம்புலிங்கம் வேட்டியில் இருந்தான். அவள் அவனை வேட்டியில் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றான். பின்னால் சரவணகுமார். அயர்ன் பண்ணிய சட்டை.

"இன்னாய்யா, தங்கச்சி வூட்டு வாசல்லயே நிக்கிற?" என்றாள் கன்னியம்மா. "காலு உள்ள வராதா?"

அவன் உள்ளே வந்தான். பாயில் உட்கார்ந்தான். காபி டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் கொண்டுவந்த ஏழு தட்டுகள் நடுவில் இருந்தன. பூ, பழம், மஞ்சள், புடவை. பவானி தூணோரம் நின்றாள். அது அவள் இடம். புருஷன் இல்லாதவள் தட்டைத் தொடுவதில்லை. லோகுவும் அவன் மனைவியும் மாற்றுவதாக ஏற்பாடு. அந்த ஒன்றை நினைத்துத்தான் அவள் காலையிலிருந்து நடமாடிக்கொண்டிருந்தாள். யாரோ மாற்றுவார்கள். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கையால் எதுவும் நடக்காது.

லோகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

"நீ ஏன்டா வர்ற?" என்றாள் கன்னியம்மா.

"தட்டு மாத்த அக்கா."

"குந்து. பவானி மாத்துவா."

பாயில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பையன் வீட்டுக் கிழவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "அதில்லம்மா, வழக்கம்னு ஒண்ணு..."

"பதினோரு வருசம் ஒண்டியா கம்பெனிய ஓட்டினவ. அவ கையில தொட்ட ஐஸைப் போட்டுத்தான் உங்க மீனெல்லாம் நாறாம வூடு வந்து சேருது. அப்ப ஆன கை இப்ப ஆகாதா? எவன் சொல்றான்? அவன் எழுந்து சொல்லட்டும்."

யாரும் எழவில்லை. கன்னியம்மாவின் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவள் பவானி பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காமல், "ரமேஷ் இருந்தா இதான் சொல்லியிருப்பான்டி," என்றாள்.

பவானி ஜம்புலிங்கத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் அவனும் நிமிர்ந்து பார்த்தான். ஏதாவது சொல் என்பது போல இருந்தது. எதுவும் சொல்லாதே என்பது போலவும் இருந்தது. அவன் எழுந்து ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். ஆப்பிள் ஒன்று உருண்டு விளிம்பில் நின்றது.

"மொதல்ல பொண்ணைக் கூட்டியா," என்றாள் கன்னியம்மா. "மணி பத்து அஞ்சு. ராகு காலம் வந்துடப்போவுது."

பவானி உள்ளறைக்குப் போனாள். சங்கவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புடவை கட்டி, பூ வைத்து, எல்லாம் முடிந்திருந்தது. இடது கையில் பிளவுஸ் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. தோலில் கோடு விழுந்திருந்தது.

"வா," என்றாள் பவானி. "கூப்பிடறாங்க."

சங்கவி எழுந்தாள். கதவு வரை வந்தாள். வெளியே போகாமல் கதவைச் சாத்தினாள். தாழ் போடவில்லை, கையால் பிடித்துக்கொண்டாள். கூடத்துப் பேச்சு தணிந்து கேட்டது. கன்னியம்மா யாரையோ கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜம்புலிங்கத்தின் சிரிப்பு அதில் இருக்கிறதா என்று பவானி தன்னை அறியாமல் காது கொடுத்தாள்.

சங்கவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி? நேரமாவுது."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காத."

"கேளு."

"நான் வேணாம்னு சொல்லிட்டா, மாமா நம்ம ஐஸ் கம்பெனிக்கு வர்றது நின்னுடுமாம்மா?"